ஈஸ்ட் வாளியும் ஆடிக்காற்றும்

கேள்வி: டாக்டர் ஐயா, பணகுடிக்குப் பக்கத்தில் மூன்று தாய்ப்பன்றி வைத்துச் சின்னதாகப் பண்ணை நடத்துகிறேன். எல்லாம் வெள்ளை யார்க்‌ஷயர். இந்த ஈற்றில் மொத்தம் 31 குட்டிகள். பால்குடியில் ஒன்றுகூடச் சாகவில்லை, கொழுகொழுவென்று இருந்தன. ஆனிக் கடைசியில், முப்பதாம் நாள், எல்லாக் குட்டியையும் ஒரே நாளில் தாயை விட்டுப் பிரித்து, புதிதாகப் போட்ட மேலக்கொட்டகைக்கு மாற்றினேன். வேலையோடு வேலையாக அன்றைக்கே ஆண்குட்டிகளுக்குக் காயும் அடித்துவிட்டோம். நாலாம் நாள் தண்ணீராகக் கழிய ஆரம்பித்தது. ஆறு குட்டி போய்விட்டது. மிச்சம் 25-ம் முதுகெலும்பு துருத்தி, மயிர் சிலிர்த்து நிற்கின்றன. ஈஸ்ட் கலந்தால் குடல் சரியாகும் என்று தீவனக் கடையில் 5 கிலோ வாளி ஒன்றைக் கொடுத்தார்கள். விலையை நினைத்தால் எனக்குத்தான் வயிறு எரிகிறது. பேக்கரி ஈஸ்ட்டே போதும் என்கிறான் நண்பன். பனையேறியாக இருந்த எங்கள் தாத்தா, "அந்தக் காலத்தில் கள்ளு மண்டியைத்தான் பன்னிக்கு ஊத்துவோம், ஒண்ணும் கழிஞ்சதில்லை" என்கிறார். யார் சொல்வதைக் கேட்க? தீவனம் மக்காச்சோளம், தவிடு, கடலைப்புண்ணாக்கு, உவரிக் கருவாட்டுத் தூள், கொஞ்சம் சுண்ணாம்புக்கல் தூள். தாயைப் பிரித்த பிறகு வள்ளியூர் ஓட்டல் சோறும் உண்டு.

பதில்: தம்பி, நீங்கள் ஈஸ்ட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கோ உங்கள் கடிதத்தில் அந்த முப்பதாம் நாளைத் தாண்டிக் கண் போகவில்லை. ஒரே நாளில் தாய் போச்சு, பால் போச்சு, இடம் மாறிச்சு, தீனி மாறிச்சு, போதாக்குறைக்குக் கத்தியும் பட்டுச்சு. அதுவும் ஆனிக் கடைசியில், பணகுடியில், மேலக்கொட்டகையில். உங்கள் ஊர்க் காற்றை நான் அறிவேன். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அது புகுந்து வருகிற வேகத்துக்குத்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலை நிற்கிறது. அந்தக் காற்றுக்கு நேர் எதிரே, ஆறேழு கிலோ எடையில், தாயின் மடிச்சூடு இல்லாமல் 31 குட்டிகள் ராத்திரி முழுக்க நின்றிருக்கின்றன.

முதலில் இன்றைக்குச் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஈஸ்ட் பேச்சு அப்புறம். கழிகிற குட்டிகளைத் தனியாகப் பிரியுங்கள். மேற்குப் பக்கம் பனையோலைத் தட்டியோ தார்ப்பாயோ கட்டிக் காற்றை மறியுங்கள், ஆனால் குட்டியின் உயரத்துக்கு மேலே காற்றோட்டம் இருக்கட்டும். தரையை நன்றாக உலரவிட்டு வைக்கோல் போடுங்கள். ஒரு மூலையில் குண்டு பல்பு எரியட்டும். குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குவிந்து படுத்தால் குளிர்கிறது என்று அர்த்தம், பக்கத்துப் பக்கத்தில் கால் நீட்டிப் படுத்தால் போதுமான சூடு இருக்கிறது. இதற்குத் தெர்மாமீட்டர் வேண்டாம், ராத்திரி பத்து மணிக்கு ஒரு நடை போய்ப் பார்த்தால் போதும்.

கழிச்சலில் குட்டியைக் கொல்வது பெரும்பாலும் நீர்வறட்சிதான். மருந்துக்கடையில் குழந்தைகளுக்கு வாங்குகிறோமே, அந்த உப்புச்சர்க்கரைப் பொட்டலம், ஒரு பொட்டலத்துக்கு ஒரு லிட்டர் நல்ல தண்ணீர், அகலமான தாழ்ந்த தட்டில் வையுங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். தீவனத்தை இரண்டு நாளைக்குப் பாதியாகக் குறைக்கலாம், தண்ணீரை மட்டும் குறைக்கவே கூடாது. கருவாட்டுத் தூள் போடுகிற பண்ணையில் இதை இரண்டு தடவை சொல்ல வேண்டும். கருவாட்டில் இருக்கிற உப்புக்குத் தண்ணீர் தட்டினால் குட்டிக்கு உப்பு நஞ்சாகும். நாய் மாதிரி உட்கார்ந்து, தலையை அண்ணாந்து, வலிப்பு வரும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் உப்பாக இருந்தால் கேட்கவே வேண்டாம். கழிச்சல் தீரும்வரை கருவாட்டை நிறுத்தி வையுங்கள்.

மருந்து எது என்பதை உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். நீங்களாகக் கடையில் கேட்டு ஆன்டிபயாட்டிக் தூளைக் கலக்காதீர்கள். ஒரு காலத்தில் இந்தக் கழிச்சலுக்கு எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு கொலிஸ்டின் போட்டார்கள். மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கிற மருந்து அது. 2019-இல் இந்திய அரசு அதைக் கால்நடைகளுக்குத் தடை செய்துவிட்டது. யாராவது பழைய டப்பாவைத் தூசி தட்டித் தந்தால் வாங்காதீர்கள்.

இனி, ஏன் கழிகிறது என்று பார்ப்போம். அது புரிந்தால்தான் அந்த வாளியில் இருப்பது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று உங்களுக்கே தெரியும்.

செத்த குட்டியைப் பரிசோதிக்கும்போது எனக்கு ஒரு வழக்கம் உண்டு. சிறுகுடலில் ஒரு விரல் நீளம் நறுக்கி, நீளவாக்கில் பிளந்து, மெல்ல அலசி, ஒரு தட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டு, எழுத்துப் படிக்கிற பூதக்கண்ணாடியால் பார்ப்பேன். பால்குடிக் குட்டியின் குடலானால் உள்பக்கம் டர்க்கி டவல் மாதிரி இருக்கும், தண்ணீருக்குள் நூல்நூலாக எழுந்து ஆடும். அவைதான் குடல் உறிஞ்சிகள். தின்றது ரத்தத்தில் சேருவது அவற்றின் வழியாகத்தான். தாயைப் பிரித்து நாலைந்து நாளான குட்டியின் குடலை அதே தட்டில் போட்டால், நாள்பட்ட துவைப்பில் தேய்ந்துபோன துண்டு மாதிரி வழவழவென்று கிடக்கும். உறிஞ்சிகள் ஏறக்குறையப் பாதி உயரத்துக்குக் குட்டையாகிவிடும். நோய்க்கிருமி எதுவும் இல்லாமலே இது நடக்கும். பிரித்த முதல் ஒன்றிரண்டு நாள் குட்டி சரியாகத் தின்னாது, பட்டினிக் குடல் சுருங்கும். அதுதான் முக்கியக் காரணம்.

தாய்ப்பன்றி மணிக்கு ஒருமுறை, பகலென்றும் இரவென்றும் பாராமல், "உர்ர் உர்ர்" என்று கூப்பிட்டுப் பால் கொடுக்கும். அந்தப் பாலில் குடலுக்குக் காவல் நிற்கிற எதிர்ப்புப் பொருள் இருக்கிறது. பால் சர்க்கரை இரைப்பையில் புளித்து லாக்டிக் அமிலமாகும், அந்தப் புளிப்பு கிருமியை மேலேயே மடக்கிவிடும். முப்பது நாள் குட்டிக்குத் தன் சொந்த இரைப்பை அமிலம் இன்னும் முழுசாக ஊறவில்லை, மாவையும் புண்ணாக்கையும் உடைக்கிற நொதிகளும் போதாது. பாலை நிறுத்தியதும் புளிப்பு போய்விட்டது. மூன்றாம் நாள் பசி தாங்காமல் வயிறு முட்டத் தின்கிறது. செரிக்காத புரதம் அப்படியே கீழே இறங்குகிறது, ஈ-கோலை கிருமிக்கு அது கல்யாண விருந்து. நாலாம் நாள் கழிச்சல். நீங்கள் எழுதியது போலவே, நாள் பிசகாமல். அந்த ஆறு குட்டிகளில் ஒன்றைத் திறந்து பார்த்திருந்தால் பெரும்பாலும் இரைப்பை நிறையக் காய்ந்த தீவனமும், சிறுகுடல் முழுக்க மஞ்சள் தண்ணீருமாகத்தான் இருந்திருக்கும்.

உங்கள் தீவனத்தில் இருக்கும் சுண்ணாம்புக்கல் தூளும் இங்கே எதிராளிதான். எலும்புக்கு நல்லது என்று போட்டிருக்கிறீர்கள், சரி. ஆனால் இருக்கிற கொஞ்ச நஞ்ச அமிலத்தையும் அது குடித்துவிடும். பிரித்த முதல் இரண்டு வாரம் அதை நன்றாகக் குறைத்து, கிலோ தீவனத்துக்கு 10 கிராம் சிட்ரிக் அமிலம், அதாவது நம் மளிகைக்கடை எலுமிச்சை உப்பு, கலந்து பாருங்கள். பாதிக் குணம் அதிலேயே தெரியும்.

சரி, ஈஸ்ட்டுக்கு வருவோம். கடையில் ஈஸ்ட் என்ற பெயரில் வெவ்வேறு சரக்கு விற்கிறது. முதலில் உங்கள் வாளியின் லேபிளைப் படியுங்கள். 'சாக்கரோமைசிஸ் செரிவிசியே' என்ற பெயரும், கிராமுக்கு இத்தனை பில்லியன் சி.எஃப்.யு., அதாவது உயிரோடு இருக்கிற ஈஸ்ட்டின் எண்ணிக்கை, என்ற கணக்கும் இருந்தால் அது உயிர் ஈஸ்ட். 'மன்னான்', 'எம்.ஓ.எஸ்.', 'பீட்டா குளுக்கான்' என்று இருந்தால் அது ஈஸ்ட்டின் மேல்தோல், உயிர் கிடையாது. 'ஈஸ்ட் கல்ச்சர்' என்றால் ஈஸ்ட்டும் அது வளர்ந்த ஊடகமும் சேர்த்து உலர்த்தியது. வெறும் 'உலர் ஈஸ்ட்' என்று மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் பீர் ஆலையில் மிஞ்சியதை உலர்த்தியது. நல்ல புரதம்தான், பி வைட்டமினும் உண்டு, ஆனால் புண்ணாக்குக்குப் பதில் போடுகிற தீனி அது. அதை மருந்து விலைக்கு வாங்கினால் நஷ்டம் உங்களுக்கு.

உயிர் ஈஸ்ட் குடலில் குடியேறாது. அது வழிப்போக்கன். இன்று போட்டது ஓரிரு நாளில் வெளியே போய்விடும், அதனால் தினமும் தர வேண்டும். போகிற வழியில் நல்ல நுண்ணுயிரிகளுக்குக் கை கொடுக்கும், கெட்டதுக்கு இடம் கொடுக்காது. ஒரு நல்ல குணம் அதற்கு உண்டு: அது பூஞ்சை இனம், ஆகவே டாக்டர் ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டாலும் அது சாகாது, இரண்டையும் சேர்த்தே தரலாம்.

மேல்தோல் சரக்கின் வேலை வேறு. சில கிருமிகள் குடல்சுவரில் மன்னோஸ் என்கிற சர்க்கரையைப் பிடித்துத் தொங்கும். ஈஸ்ட் தோலில் அதே சர்க்கரை இருப்பதால் கிருமி ஏமாந்து அதைப் பிடித்துக்கொண்டு சாணத்தோடு போய்விடும். விற்பனைப் பிரதிநிதி இந்தக் கதையை அழகாகச் சொல்லுவார், படமும் காட்டுவார். அவர் சொல்லாமல் விடுவது ஒன்று: பிரித்த குட்டியைக் கழிய வைக்கிற ஈ-கோலைகளில் முக்கியமான இரண்டு வகையும் மன்னோஸை நம்பித் தொங்குபவை அல்ல, அவற்றின் கொக்கியே வேறு. ஆகவே அந்தத் தோல் கிருமி அத்தனையையும் வாரிக்கொண்டு போகும் என்று நம்ப வேண்டாம். பீட்டா குளுக்கான் குடலின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பும் என்பது மெய். ஆனால் எழுப்பிய சிப்பாய் ஆயுதம் எடுக்க நாளாகும். கழிச்சல் வந்த பிறகு போட்டால் எந்த ஈஸ்ட்டும் பிந்தி வந்த விருந்தாளிதான். ஆய்வுகளிலும் முடிவு ஒன்றுபோல் இல்லை. சிலவற்றில் குட்டி நன்றாக எடை ஏறுகிறது, சிலவற்றில் வித்தியாசமே இல்லை. பல்லாயிரம் பன்றி வளர்க்கும் ஐரோப்பியர் ஈஸ்ட் பக்கம் திரும்பியதற்குக் காரணம், வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலப்பதை 2006-இலும், கழிச்சலுக்கு மருந்து அளவில் துத்தநாக ஆக்சைடு கலப்பதை 2022-இலும் அங்கே தடை செய்தார்கள். மாற்று தேட வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு. உங்கள் மேலக்கொட்டகைக்கு அதைவிடக் கட்டாயம் ஓலைத்தட்டி.

உங்கள் வாளி உயிர் ஈஸ்ட்டா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில், விரல் வைத்தால் சுகமாக இருக்கிற சூடு போதும், ஒரு ஸ்பூன் கருப்பட்டித் தூளைக் கரைத்து, ஒரு ஸ்பூன் சரக்கைத் தூவி மூடி வையுங்கள். அரைமணியில் நுரை கட்டி, ஆப்ப மாவு வாசம் அடித்தால் உயிரோடு இருக்கிறது. ஒரு மணி நேரமாகியும் அசைவில்லை என்றால், உயிர் ஈஸ்ட் என்று விற்ற கடைக்காரரிடம் வாளியைத் திருப்பிக் கொடுங்கள். மேல்தோல் சரக்கானால் நுரைக்காது, அதற்காகச் சண்டைக்குப் போக வேண்டாம்.

சூடு என்றதும் என் தப்பு ஒன்று நினைவுக்கு வருகிறது. முக்கூடல் பக்கம் ஒரு அண்ணாச்சிக்கு உயிர் ஈஸ்ட் எழுதிக் கொடுத்தேன். பதினைந்து நாள் கழித்து, "ஒரு பிரயோசனமும் இல்லை சார்" என்றார். நேரில் போனேன். வீட்டம்மா அண்டாவில் ஓட்டல் சோற்றைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, கரண்டியால் ஈஸ்ட்டை அளந்து அதில் போட்டு, நன்றாகக் கலக்க வேண்டுமே என்று இன்னும் ஐந்து நிமிடம் கிண்டிக்கொண்டிருந்தார். அந்தக் கொதியில் ஈஸ்ட் செத்துத்தான் போகும். அவர் மேல் என்ன குற்றம்? காய்ச்சிக் கொடுங்கள் என்று நான் எழுதியிருந்தேன், ஆறின பிறகு ஈஸ்ட்டைக் கலக்குங்கள் என்று எழுதவில்லை. அன்றிலிருந்து சீட்டில் அந்த வரியை அடிக்கோடிட்டு எழுதுகிறேன்.

நண்பர் சொன்ன பேக்கரி ஈஸ்ட் அதே சாதிதான். ஆனால் அது மாவு பொங்குவதற்காகத் தேர்ந்தெடுத்த ரகம், தீவன ஈஸ்ட் இரைப்பையின் அமிலத்தையும் குடலின் பித்தத்தையும் தாங்கிப் பிழைக்கிற ரகம். வேறு வழியில்லை என்றால் பேக்கரி ஈஸ்ட்டைச் சிறிதாகக் கலந்தால் கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் அதே பலனை எதிர்பார்க்க முடியாது. பீர் ஆலையிலிருந்து ஈரமாக வருகிற மண்டி மட்டும் குட்டிக்கு வேண்டவே வேண்டாம். சூடாக்கிக் கொல்லாத ஈஸ்ட் அதில் ஏராளம், அது வயிற்றுக்குள் போயும் நொதித்துக்கொண்டே இருக்கும், வயிறு உப்பிவிடும்.

தாத்தா சொன்னது பொய்யில்லை. கள்ளு மண்டி என்பது படிந்த ஈஸ்ட்தான். பதநீர்க் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறார்களே, அது அந்த ஈஸ்ட் கிளம்பாமல் இருப்பதற்கு. ஆனால் அவர் காலத்துக் குட்டி கழியாததற்கு மண்டியைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நாட்டுப்பன்றியின் குட்டியை அன்று யார் முப்பதாம் நாள் பிரித்தார்கள்? அது தாய் பின்னாலேயே திரிந்து, தாய் தின்பதைத் தானும் கடித்துப் பழகி, இரண்டு மாதத்துக்கு மேலாகத் தாயே உதறுகிறவரை பால் குடித்தது. இன்றைக்கு மண்டிக்கு ஆசைப்பட்டாலும் கிடைக்காது. 1987-இலிருந்து தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. தாத்தாவிடம் மண்டியைக் கேட்காதீர்கள், குட்டியை எப்படிப் பால் மறக்கவைத்தார்கள் என்று கேளுங்கள்.

அடுத்த ஈற்றுக்கு அந்த வழியையே கொஞ்சம் திருத்திச் செய்யலாம். இரண்டாம் வாரத்திலிருந்து தாய் எட்டாத மூலையில் குட்டித் தீவனத்தைக் கைப்பிடி கைப்பிடியாக வையுங்கள், மிஞ்சியதைத் தினமும் தாய்க்குப் போட்டுவிடுங்கள். அந்தத் தீவனத்திலேயே ஈஸ்ட்டைத் தொடங்கிவிடுங்கள். காயடிப்பதை இரண்டாம் வாரத்தில் முடித்துவிடுங்கள். முப்பது நாளில் பிரிக்கப் பால் பவுடரும் சூட்டு விளக்கும் உள்ள பண்ணையால்தான் முடியும், நீங்கள் 42 நாள் விடுங்கள். பிரிக்கிற அன்று குட்டியை மாற்றாதீர்கள், தாயை வெளியே ஓட்டுங்கள். குட்டி தெரிந்த இடத்தில், தெரிந்த வாசத்தில், அதே தீவனத்தோடு ஒரு வாரம் இருக்கட்டும். முதல் நாலைந்து நாள் ஒரு பங்கு தீவனத்துக்கு இரண்டு பங்கு வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக் கூழாக்கி, ஒரு நாளைக்கு நாலைந்து தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். குட்டி பட்டினி கிடக்காமல் இருந்தாலே குடல் பாதி தப்பிவிடும். ஓட்டல் சோறு குட்டிக்கு வேண்டாம். பெரியவற்றுக்கும் அரைமணி நேரம் கொதித்த பிறகுதான். ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் 2020-இல் இந்தியாவுக்குள் வந்ததிலிருந்து, எந்த ஓட்டல் இலையில் எந்த ஊர்ப் பன்றியின் எலும்பு கிடக்கிறது என்று சொல்ல முடியாது. அதற்கு மருந்து கிடையாது.

ஈஸ்ட்டின் அளவு பெரும்பாலும் கிலோ தீவனத்துக்கு 1 முதல் 2 கிராம்தான், லேபிளில் வேறு அளவு இருந்தால் அதன்படி. இப்போது கணக்குப் போடுங்கள். பிரித்த முதல் பதினைந்து நாளில் ஒரு குட்டி சராசரியாக மூன்றரை, நாலு கிலோ தின்னும். 25 குட்டிக்கு மொத்தம் 100 கிலோ. அதற்கு 200 கிராம் ஈஸ்ட் போதும். உங்களிடம் இருப்பதோ 5 கிலோ வாளி! திறந்த வாளி நம்மூர்ப் புழுக்கத்தில் மாதக்கணக்கில் தாங்காது. பக்கத்துப் பண்ணைக்காரர்கள் நாலுபேர் சேர்ந்து பங்கு போட்டுக்கொள்ளுங்கள். காற்றுப் புகாத டப்பாவில், வெயில் படாத இடத்தில் வையுங்கள், தகரக் கொட்டகைக்குள் வேண்டாம். கடலைப்புண்ணாக்கில் பூஞ்சை நஞ்சு இருக்கலாம் என்று ஈஸ்ட் தோலை அதற்கும் சேர்த்து விற்பார்கள். கடலைப்புண்ணாக்கில் வருவது அஃப்லாடாக்சின், அதைப் பிடிப்பதில் பென்டோனைட் களிமண்தான் கெட்டிக்காரன். பூஞ்சை வாசம் அடிக்கிற புண்ணாக்கை வாங்காமல் விடுவது அதைவிடக் கெட்டிக்காரத்தனம்.

இவ்வளவும் ஈ-கோலைக் கழிச்சல் என்று வைத்துச் சொன்னது. நாள் கணக்கு அப்படித்தான் காட்டுகிறது, ஆனாலும் கடிதத்தை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன். கண்ணிமை வீங்கித் தள்ளாடினாலோ, காய்ச்சலோடு காது சிவந்தாலோ, பெரிய பன்றிக்கும் பரவினாலோ அது வேறு நோய், அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். இன்னொரு குட்டி தவறினால் புதைத்துவிடாதீர்கள். பிளாஸ்டிக் பைக்குள் இறுக்கிக் கட்டி, வெளியே ஐஸ் கட்டி போட்டு, அன்று காலையிலேயே இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். ஃப்ரீசரில் வைக்காதீர்கள், உறைந்த குடலில் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. மருந்து எதுவும் போடாத, இப்போதுதான் கழிய ஆரம்பித்த குட்டி ஒன்றையும் உயிரோடு கூடையில் எடுத்துப் போனால், எந்த மருந்துக்கு அந்தக் கிருமி கேட்கும் என்பதையும் சோதித்துச் சொல்வார்கள்.